ரோடியோ சர்க்யூட்டில் இரண்டு ஆண்களின் காதல்: குறுநாவலுக்கு விவரம் வேண்டும்

பனையோலை:
வணக்கம் நண்பர்களே. ஒரு குறுநாவல் பாதியில் நிற்கிறது. களம் அமெரிக்காவின் மேற்கில் நடக்கும் ரோடியோ, அதாவது கவ்பாய் போட்டிகள்; வயோமிங், மொன்டானா மாநிலங்கள், 2009 கோடைகாலம். ஒருவன் சாடில் பிராங்க் ஓட்டுபவன், அதாவது சேணம் போட்ட முரட்டுக் குதிரைமேல் எட்டு வினாடி தாக்குப்பிடிக்கிறவன். இன்னொருவன் டீம் ரோப்பிங்கில், அதாவது இருவர் குதிரைமேலிருந்து ஒரு மாட்டைக் கயிற்றால் பிடிக்கும் போட்டியில், கயிறு வீசுகிறவன். இருவருக்கும் காதல். ஆறு வாரம் ஒரே பிக்கப் வண்டியில் ஊர் ஊராகப் போகிறார்கள்.

கேட்க வேண்டியது மூன்று. இந்தப் பயணம் நம்பும்படி இருக்கிறதா? உடம்பு எங்கே, எப்படி அடிபடும்? தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கென்று கே ரோடியோ என்று தனியாக ஒன்று நடக்கிறதாமே, அதைக் கதையில் எங்கே வைக்கலாம்?

எழுதியதில் ஒரு பத்தி:

"எட்டு வினாடி முடிந்த மணி ஒலித்தது. குதிரை நின்றது. அவன் சேணத்தின் கொம்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கினான். வேலியோரம் நின்றிருந்தவன் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். கூட்டம் வாயடைத்துப் போனது."

தயங்காமல் திருத்துங்கள்.

தூரப்பயணி:
பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கதையின் முதுகெலும்பே அதுதான், அங்கேதான் சிக்கலும் இருக்கிறது.

சாடில் பிராங்க்காரனும் ரோப்பரும் ஒரே வண்டியில் போவது கடினம். குதிரை ஓட்டுபவனின் சொத்து ஒரு சேணம், ஒரு பை. சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு யார் வண்டியிலும் ஏறிவிடுவான். அவன் ஏறப்போகும் குதிரையை, போட்டிக்கு விலங்குகளைத் தரும் ஸ்டாக் கான்ட்ராக்டர் கொண்டுவருவார். ரோப்பருக்கு அப்படி முடியாது. பழக்கிய சொந்தக் குதிரை வேண்டும், அதை டிரெய்லரில் இழுத்துப் போக வேண்டும். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும், இறக்கி நடக்கவிட வேண்டும், போன ஊரில் தொழுவம் பிடிக்க வேண்டும். இருவரின் கடிகாரமும் வேறு.

ஆகவே இரண்டு வழி. இருவரையும் சாடில் பிராங்க்காரர்களாக ஆக்குங்கள், அல்லது இருவரையும் ரோப்பிங் ஜோடியாக ஆக்குங்கள். இரண்டிலும் நல்ல கதை இருக்கிறது.

முதல் வழியில் 'பட்டி' (buddy, கூட்டாளி) முறை கைகொடுக்கும். பி.ஆர்.சி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தின் போட்டிகளுக்கு ப்ரோகாம் என்ற மைய அலுவலகம் வழியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். 1976லிருந்து இப்படித்தான். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு குழுவாகப் பதிவு செய்தால், எல்லோருக்கும் ஒரே நாள் ஒரே ஆட்டத்தில் இடம் விழும்; ஒரே வண்டியில் போய் வரலாம். பிறகு திரும்ப அழைத்து, எந்த நாள், எந்தக் குதிரை என்று கேட்டுக்கொள்வார்கள். உங்கள் இருவரும் பட்டியாகப் பதிவு செய்வதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வருவது, ஒருவன் நல்ல குழுவை விட்டுவிட்டு, தன்னைவிடச் சுமாராக ஓட்டுகிறவனோடு மட்டும் பதிவு செய்யும்போது. "ஏன் அவனோட?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கும்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதை மறக்காதீர்கள். பெயர் கொடுக்கக் கட்டணம், ஊரைப் பொறுத்து நூறு டாலர் சுற்றிலிருந்து சில நூறு வரை. ஜெயித்தால் பரிசு, இல்லையென்றால் பெட்ரோல் காசும் கைநஷ்டம். பெட்ரோலையும் மோட்டல் வாடகையையும் பங்கு போடுவார்கள். நான்கு பேருக்கு ஒரு அறை, இரண்டு கட்டில். ஒரே படுக்கையில் இரண்டு ஆண்கள் தூங்குவது அங்கே அன்றாடம். உங்கள் ஆட்களின் தொல்லை, அடுத்த கட்டிலில் இன்னும் இரண்டு பேர் படுத்திருப்பது.

அதனால் தனிமை கிடைக்கும் இடம் மோட்டல் அறை இல்லை, வண்டியின் முன்சீட். இரவு ஓட்டும்போது ஒருவன் ஸ்டியரிங்கில், இன்னொருவன் அவன் கண் அசந்துவிடாமல் பேச்சுக் கொடுத்தபடி பக்கத்தில். மற்ற இருவரும் பின்னால் உறக்கத்தில். மூன்று மணி நேரம் இருட்டு, டேஷ்போர்டு வெளிச்சம், தாழ்ந்த குரல். காதல் அங்கே வளரட்டும்.

ஆறு வாரம் வேண்டாம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நாலு வரை உள்ள நாட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு 'கவ்பாய் கிறிஸ்துமஸ்' என்று பெயர். அந்தச் சில நாளில் அத்தனை ரோடியோ, அவ்வளவு பணம். ஜூலை முதல் வாரத்தில் வயோமிங்கின் கோடி, மொன்டானாவின் ரெட் லாட்ஜ், லிவிங்ஸ்டன் மூன்றும் ஏறக்குறைய ஒரே நாட்களில் நடக்கும். கோடியிலிருந்து ரெட் லாட்ஜ் சுமார் நூறு கிலோமீட்டர்; அங்கிருந்து லிவிங்ஸ்டன் இரண்டு, இரண்டரை மணி நேரம். பிற்பகல் ஒரு ஊர், இரவு இன்னொரு ஊர். தூக்கமும் குளியலும் இல்லாமல் நான்கு நாள் இப்படி ஓடினால் யாரும் எதையும் மறைத்து வைக்க முடியாது.

இன்னொன்று. 'சர்க்யூட்' என்றால் சும்மா சுற்று என்று எழுதிவிடாதீர்கள். பி.ஆர்.சி.ஏ. நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொலராடோவும் வயோமிங்கும் ஒரு சர்க்யூட், மொன்டானா தனி சர்க்யூட். வாரநாளில் பண்ணையிலோ வெல்டிங் கடையிலோ வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறு பக்கத்து ஊர்களில் மட்டும் இறங்குகிறவன் சர்க்யூட் கவ்பாய். முழுநேரமும் சாலையில் கிடந்து, டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடக்கும் தேசிய இறுதிக்கு முதல் பதினைந்தில் ஒருவனாக நுழையப் பார்க்கிறவன் வேறு ஆள். உங்கள் இருவரில் ஒருவன் இது, ஒருவன் அது என்றால், வில்லனே தேவையில்லை. ஒருவன் போக வேண்டும், ஒருவன் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.

கயிற்றுமுடிச்சு:
பத்தியைத் திருத்துகிறேன்.

பிராங்க் சேணத்துக்கு முன்கொம்பு கிடையாது. கொம்பு உள்ளது ரோப்பரின் சேணம், கயிற்றைச் சுற்ற. பிராங்க்காரனின் ஒரே பிடி, குதிரையின் தலைவாரிலிருந்து வரும் ஒற்றைக் கயிறு, தடித்துப் பின்னியது. அதை ஒரு கையில் பிடிப்பான். மற்றக் கை காற்றில். அந்தக் கை குதிரைமேலோ தன்மேலோ சேணத்திலோ பட்டால் மதிப்பெண் இல்லை. வாசல் திறந்து குதிரையின் முன்கால்கள் முதல்தடவை தரையைத் தொடும்போது இவன் குதிகால்கள் அதன் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால் அப்போதே முடிந்தது. கால்வளையம் கழன்றாலும் முடிந்தது. எல்லாம் சரியாக நடந்தால் நூற்றுக்கு மதிப்பெண், பாதி ஓட்டியவனுக்கு, பாதி குதிரைக்கு. ஆகவே சுமாராகக் குதிக்கும் குதிரை குலுக்கலில் கிடைத்தவன் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் தோற்பான். போட்டி சக ஓட்டுநரோடு இல்லை, குலுக்கலில் விழுந்த விலங்கோடு. ஒருவருக்கொருவர் உதவுவது அதனால்தான் அங்கே இயல்பு.

மணி அடித்தால் குதிரை நிற்காது. அதற்கு மணி புரியாது. அதை உதைக்கத் தூண்டும் இடுப்புப் பட்டை இன்னும் கட்டியிருக்கும், உதைத்துக்கொண்டே இருக்கும். (அந்தப் பட்டையை விதையில் கட்டுகிறார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. தொடைக்கு முன்னால், வயிற்றைச் சுற்றிக் கட்டுவது. குதிரைக்குக் கட்டுவதில் ஆட்டுத்தோல் மெத்தை இருக்கும்.) அப்போது இரண்டு பக்கமும் பிக்கப் மேன் என்ற குதிரைவீரர்கள் பாய்ந்து வருவார்கள். ஒருவர் பக்கத்தில் ஒட்டி ஓட, ஓட்டியவன் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்து, அவர் குதிரையின் பின்புறமாகச் சுழன்று மறுபக்கம் தரையில் இறங்குவான். பிக்கப் மேன் ஒருவர் குனிந்து குதிரையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுவார்.

பாருங்கள், உங்களுக்கு வேண்டிய காட்சி ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஐயாயிரம் பேர் பார்க்க, ஒரு ஆண் இன்னொரு ஆணை இடுப்போடு சேர்த்துப் பிடிக்கிறான், கூட்டம் கைதட்டுகிறது. யாரும் வாயடைக்க மாட்டார்கள். வாசிப்பவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். அந்தப் பிடி ஒரு நொடி அதிகமாக நீள வேண்டாம். நீண்டால் இருவரும் குதிரைக்காலில் விழுவார்கள்.

இரண்டாமவனை ரோப்பராக வைக்காமல் பிக்கப் மேனாக ஆக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. பிக்கப் மேன் வேலை செய்வது ஸ்டாக் கான்ட்ராக்டருக்கு. அந்த கான்ட்ராக்டரின் குதிரைகள் எந்த ஊருக்குப் போகின்றனவோ அங்கே மட்டும் இருப்பான். ஓட்டுகிறவனோ காசு உள்ள ஊருக்கெல்லாம் போவான். சேர்ந்து பயணம் இல்லை, அவ்வப்போது சந்திப்பு. "அடுத்து எந்த ஊர்ல உன் ஆளுங்க குதிரை?" என்ற சாதாரணக் கேள்விதான் இவர்களின் காதல் கடிதம்.

இன்னொரு நுணுக்கம், இதை விடாதீர்கள். ஓட்டுவதற்கு முன் கயிற்றின் நீளத்தை அளப்பார்கள். குதிரை தலை நிமிர்த்தி நிற்கும்போது கயிற்றை இழுத்துச் சேணத்தின் முன்மேட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு முஷ்டி, நீட்டிய கட்டைவிரல் என்று கணக்கு. ஒவ்வொரு குதிரைக்கும் அளவு வேறு. தலையைத் தாழ்த்திக் குதிக்கிற குதிரைக்கு நீளம் வேண்டும், குறைத்துப் பிடித்தால் முன்னால் இழுத்துக் கவிழ்க்கும். தலை தூக்கிக் குதிக்கிற குதிரைக்கு நீளம் கொடுத்தால் கயிறு தொய்ந்து, இவன் பின்னால் சாய்வான். முன்பு அந்தக் குதிரையில் ஏறியவனிடம் கேட்டால்தான் தெரியும். "அதுக்கு எவ்வளவு குடுக்கலாம்?" "ஒரு முஷ்டி, கட்டைவிரல், அதுக்கு மேல ரெண்டு விரல்." அவ்வளவுதான் உரையாடல். ஆனால் சொன்ன அளவை நம்பி இவன் உயிரை வைக்கிறான். பிக்கப் மேனுக்கு கான்ட்ராக்டரின் ஒவ்வொரு குதிரையும் அத்துப்படி. மனஸ்தாபம் வந்த வாரத்தில் அவன் சொல்லும் அளவை இவன் நம்புகிறானா? அதை ஒரு அத்தியாயமாக எழுதலாம்.

காயம்: குதிரை அடைப்புக்குள்ளேயே எம்பி, பலகைக்கும் உடம்புக்கும் நடுவில் முழங்காலை நசுக்குவது, கவட்டைத் தசை கிழிவது, தோள்பட்டை இறங்குவது, கால்வளையத்தில் பூட்ஸ் சிக்கி இழுபடுவது. கடைசியதற்காகத்தான் பூட்ஸைத் தொளதொளவென்று போடுவார்கள், சிக்கினால் பூட்ஸ் மட்டும் கழன்று வரட்டும் என்று. பெரிய ரோடியோக்களில் ஜஸ்டின் ஸ்போர்ட்ஸ்மெடிசின் ஆட்கள் இருப்பார்கள், டேப் சுற்றுவது அவர்கள் வேலை. காதலன் மைதான ஓரத்தில் கட்டுப்போடுகிற காட்சி வேண்டாம். அவனுக்கு உரியது இரவில் அந்த டேப்பை அவிழ்ப்பது. ரோமத்தோடு ஒட்டியிருக்கும். மழுங்கிய முனை உள்ள கத்தரிக்கோலை உள்பக்கமாக நுழைத்து, தோலோடு ஒட்டி நகர்த்த வேண்டும். வெந்நீர்த் துணியை வைத்து, முடி வளரும் திசையிலேயே உரிக்க வேண்டும். மறுநாள் காலை பிடித்த கையின் விரல்கள் மூடாது. சட்டைக்கு பிரஸ் பட்டன் என்றால் ஒற்றைக் கையால் சமாளிப்பான். பெல்ட்டுக்கு இன்னொருவர் வேண்டும்.

பனையோலை:
பிக்கப் மேன்! இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு அத்தியாயங்களை மறுபடி எழுதப் போகிறேன். கே ரோடியோ பற்றி யாராவது சொல்லுங்கள். இவர்கள் அங்கே போவார்களா?

மேற்குச்சாளரம்:
போவார்கள், ஆனால் காரணம் வேண்டும். முதலில் வரலாறு, சுருக்கமாக.

1976 அக்டோபரில் நெவாடாவின் ரீனோ நகரில் முதல் கே ரோடியோ நடந்தது. நடத்தியவர் ஃபில் ராக்ஸ்டேல். உள்ளூர் முதியோருக்கான தேங்க்ஸ்கிவிங் நாள் விருந்துக்கு நிதி திரட்டத்தான். இந்தக் கூட்டத்துக்கு விலங்கு வாடகைக்குத் தர எந்தப் பண்ணைக்காரரும் முன்வரவில்லை. கடைசி நேரத்தில் கிடைத்தது மேய்ச்சல் காட்டு மாடுகள் ஐந்து, கன்றுகள் பத்து, ஒரு பன்றி, ஒரு குட்டைக் குதிரை. அதை வைத்தே நடத்தினார்கள். ரீனோவில் 1984 வரை நடந்தது. 1985ல் பல மாநிலச் சங்கங்கள் சேர்ந்து ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற பன்னாட்டு கே ரோடியோ சங்கத்தைத் தொடங்கின. 1988ல் நெவாடாவின் ஃபாலனில் நடக்க இருந்த இறுதிப் போட்டியை நீதிமன்ற உத்தரவு வாங்கித் தடுத்துவிட்டார்கள். விலங்கும் ஆளும் வந்து சேர்ந்த பிறகு மைதானம் பூட்டு. எய்ட்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. நண்பர்களை அடக்கம் செய்துவிட்டு அடுத்த வாரம் நோயாளிகளுக்குப் பணம் திரட்டிய மைதானங்கள் இவை என்பதை மனதில் வைத்து எழுதுங்கள்.

போட்டிகள் பதின்மூன்று. காளை ஓட்டுவது, பேர்பேக் (சேணம் போடாத முரட்டுக் குதிரை ஓட்டுவது), டீம் ரோப்பிங், பேரல் ரேஸ் (பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டுவது) எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும் இறங்கலாம்; தொழில்முறை ரோடியோவிலிருந்து இது பெரிய வேறுபாடு. மூன்று போட்டிகள் இங்கேயே பிறந்தவை, 'கேம்ப்' போட்டிகள், அதாவது மிகையான வேடிக்கைப் போட்டிகள் என்பார்கள். ஆட்டுக்கு உள்ளாடை மாட்டுவது: இருவர் அணி, ஐம்பது அடி ஓடி, ஒருவர் ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்க, மற்றவர் தன் கையில் ஏற்கெனவே போட்டிருக்கும் ஜட்டியை ஆட்டின் காலுக்கு மாற்றி இழுத்துவிட்டு, இருவரும் திரும்ப ஓடிக் கோட்டைத் தாண்ட வேண்டும். இளங்காளையின் வாலில் ரிப்பன் கட்டுவது இன்னொன்று. மூன்றாவது, ஒரு ஆண், ஒரு பெண், பெண்வேடமோ ஆண்வேடமோ போட்ட ஒருவர் என மூவர் அணி ஒரு இளங்காளையை இழுத்து வந்து, வேடமிட்டவரை அதன்மேல் ஏற்றிக் கோட்டைக் கடக்க வைப்பது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ரொம்ப முரட்டு ஆட்டம். கணுக்கால் பிசகுவது இதில்தான் அதிகம் என்று எதிர்பார்த்து எழுதலாம்.

கவனியுங்கள்: பதின்மூன்றில் சாடில் பிராங்க் இல்லை. ஆகவே உங்கள் நாயகன் தன் கலையை அங்கே காட்ட முடியாது. பேர்பேக்கில் இறங்கலாம், ஆனால் அதன் பிடி வேறு, பெட்டிக் கைப்பிடி போன்ற தோல் பிடிக்குள் கையுறையை அழுத்தி மாட்டுவது, பழகாதவன் முழங்கை பின்பக்கம் மடங்கும். தேர்ந்தவன் அங்கே புதியவனாக நிற்பான். எனக்கு இது பிடித்திருக்கிறது. தன்னை மறைத்த இடத்தில் வல்லவன், மறைக்க வேண்டாத இடத்தில் கற்றுக்குட்டி.

பெயரை மறைக்கவும் வழி உண்டு. வேலை போகும், வீட்டில் தெரியும் என்று அஞ்சியவர்கள் மாற்றுப் பெயரில் இறங்கியிருக்கிறார்கள். படம் எடுப்பவரிடமிருந்து விலகி நிற்பவர்களும் இருந்தார்கள். டென்வரில் கொலராடோ கே ரோடியோ சங்கத்தின் ரோடியோ ஜூலையில் வரும். வயோமிங்கின் ஷயென் நகரில் நடக்கும் பெரிய ரோடியோவான ஷயென் ஃபிரான்டியர் டேஸும் ஜூலைக் கடைசி. இரண்டு ஊருக்கும் இடையே 160 கிலோமீட்டர்தான். ஒருவனை டென்வர் கூட்டத்தில் அடையாளம் கண்ட யாரோ, சில நாள் கழித்து ஷயென் அடைப்புக்குப் பின்னால் அவன் எதிரே நிற்கலாம். அடையாளம் கண்டவனும் டென்வருக்கு வந்தவன்தானே. அந்த மௌனத்தை எழுதுங்கள்.

இரவுவாசகன்:
2009 என்று வைத்தது நல்ல தேர்வு. ஏன் என்று சொல்கிறேன்.

2003ல் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, ஆணோடு ஆண் உறவு எந்த மாநிலத்திலும் குற்றமில்லை. வயோமிங் தன் சட்டத்தை 1977லேயே நீக்கிவிட்டது. ஆனால் அதே வயோமிங்கின் லாரமியில்தான் 1998 அக்டோபரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற தன்பாலீர்ப்பு மாணவர் கொல்லப்பட்டார். உங்கள் ஆட்களுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது இருந்திருக்கும். அவர்கள் அதைப் பேச வேண்டியதில்லை. லாரமியைத் தாண்டும்போது வண்டிக்குள் பேச்சு நின்றுபோனால் போதும்.

நாடு முழுக்கத் திருமண உரிமை வந்தது 2015 ஜூன் 26. மருத்துவமனை விஷயமும் முக்கியம். அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகள் நோயாளி விரும்பும் யாரையும் பார்க்க விட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2011 ஜனவரியில். 2009ல் மயக்கமாகக் கொண்டுவரப்பட்டவனின் கூட வந்தவன் "நண்பன்" மட்டும்தான். தகவல் அவனுக்குச் சொல்ல மாட்டார்கள், அம்மா அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். முன்கூட்டியே மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரத்தை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் தப்பலாம். இருபத்தாறு வயதில் யார் எழுதி வைப்பார்கள்? எழுதிவைக்கச் சொல்லிக் கேட்பதே ஒரு காதல் காட்சிதான்: வண்டி டேஷ்போர்டில் வைத்து, பேனா எழுதாமல்.

மொழி. 'டா' போட்டால் நம் கல்லூரி விடுதி வந்துவிடும். சம வயது உழைப்பாளிகள், முதல் நாளிலிருந்தே 'நீ'. ஆகவே நெருக்கத்தைக் காட்ட 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கும் நம் வசதி இங்கே இல்லை. பெயரைப் பயன்படுத்துங்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் முழுப்பெயரும் ஊரும் சொல்வார், கூட்டாளிகள் பட்டப்பெயரோ குடும்பப்பெயரோ சொல்வார்கள். முதல் பெயரைச் சொல்கிறவன் ஒருவன் மட்டும், இருட்டில் மட்டும். 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் செயலை மட்டும் சுட்டுகிறது. கதைசொல்லியின் குரலில் 'தன்பாலீர்ப்பு' என்றே வரட்டும். கதைமாந்தர் எந்தச் சொல்லையும் சொல்லாமலே இருக்கலாம்.

நம்பிக்கைகளையும் சேருங்கள். கட்டிலில் தொப்பியை வைத்தால் கெட்டது நடக்கும் என்பது ரோடியோவில் ஆழமான நம்பிக்கை. மஞ்சள் சட்டை ஆகாது, ஐம்பது டாலர் நோட்டை வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. முதல்முறை அறைக்குள் வந்த அவசரத்திலும் ஒருவன் நின்று, தொப்பியைக் கழற்றி, மேசைமேல் விளிம்பு மேலே பார்க்கக் கவிழ்த்து வைப்பான். அதைப் பார்க்கும் இன்னொருவன் தன்னுடையதையும் கட்டிலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைப்பான்.

பனையோலை:
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. ஜெயித்த பெல்ட் பக்கிளைக் காதலனுக்குக் கொடுப்பதாக முடிவு வைத்திருக்கிறேன். சரியாக வருமா?

கயிற்றுமுடிச்சு:
கொடுப்பது சரி, ஜெயித்த பக்கிளைக் காதலிக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அணிவதுதான் சிக்கல். பக்கிளில் ஊர், ஆண்டு, போட்டியின் பெயர் பொறித்திருக்கும். பிக்கப் மேன் இடுப்பில் 'சாடில் பிராங்க், ரெட் லாட்ஜ், 2009' என்று இருந்தால், முதல் காப்பிக்கடையிலேயே "இது யாரோடது?" என்று கேட்பார்கள், அந்த வருஷம் யார் ஜெயித்தான் என்றும் எல்லோருக்கும் தெரியும். அவன் அதை மடித்த துணியில் சுற்றி, சேணப்பையின் அடியில், குதிரைக்குத் தேய்க்கும் பிரஷ்ஷுக்குக் கீழே வைத்துக்கொள்ளட்டும். அல்லது ஒரு நாள் அணியட்டும். எந்த ஊரில், எந்த ஆட்டத்தன்று என்பது உங்கள் கையில்.